ஐயமுற்றோரின் தோழர் பிரெடரிக் ஓசானாம்

ஓர் ஆலயத்தின் விழாவைக் கொண்டாடும்போது, அதை எழுப்பிய கற்களையும் செலவான பணத்தையும் மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஆலயத்தில் விசுவாசத்தைப் பெற்று, அதைத் தம் பிள்ளைகளுக்கும் அயலாருக்கும் கையளித்துவிட்டு, இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்ற நம் முன்னோரையும் நன்றியோடு நினைக்கிறோம். அப்படி நினைக்கும் வேளையில் ஒரு கவலையும் நம் உள்ளத்தில் எழாமல் இல்லை. இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை வாங்கி, பீடப் பணியாளராய் நின்ற பிள்ளைகள் சிலர், படித்து முடித்து வேலைக்குச் சென்றபின் ஐயம் கொண்டவராய் வாசலுக்கு வெளியே நிற்கின்றனர். கடவுள் உண்டா, உண்டென்றால் ஏழை ஏன் இப்படி அழுகிறான், திருச்சபையால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்கின்றனர். நம்மோடு ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர்களும், ஒரே பேருந்தில் பயணம் செய்யும் நண்பர்களும் இதே கேள்விகளைக் கேட்கின்றனர்.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. நட்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறோம். அல்லது கோபம் கொண்டு வாதாடி, வாதத்தில் வென்று, நண்பரை இழக்கிறோம். இவ்விரண்டுமல்லாத வேறு ஒரு வழி உண்டு என்பதைத் தம் வாழ்வினால் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியும் மகளும் உள்ள இல்லறத்தார், கல்லூரிப் பேராசிரியர். அவர்தாம் முத்திப்பேறு பெற்ற பிரெடரிக் ஓசானாம். புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தோற்றுவித்தவர் என்று அவரை நம் மக்கள் அறிவர். ஆனால் அச்சபை பிறந்ததே விசுவாசமற்ற ஒருவர் கேட்ட கேள்விக்கு விடையாகத்தான் என்பதை அறிந்தவர் சிலரே. ஆகவே, இந்த விழா மலரில் அவருடைய வரலாற்றை அந்தக் கோணத்திலிருந்து சொல்ல விரும்புகிறோம்.

பிறப்பும் பெற்றோரும்

பிரெடரிக் ஓசானாம் 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சு நாட்டவர். தந்தை முதலில் நெப்போலியனின் படையில் பணிபுரிந்து, பின்னர் மருத்துவம் படித்தவர். 1816ஆம் ஆண்டு குடும்பம் பிரான்சிலுள்ள லியோன் நகருக்குத் திரும்பியது. அந்த வீட்டில் பதினான்கு பிள்ளைகள் பிறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். தொட்டில்களைவிடச் சவப்பெட்டிகளை மிகுதியாகக் கண்ட அந்தத் தாயின் மடியில்தான் ஓசானாம் ஜெபிக்கக் கற்றுக்கொண்டார்.

தந்தை ஏழை நோயாளிகள் பலரிடம் பணம் வாங்காமலே வைத்தியம் பார்த்தார். தாயும் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று உதவி வந்தார். இருவருக்கும் வயதாகிவிட்டபோது, உடல்நலம் கருதி, உயர்ந்த மாடிகளுக்கு ஏறிச் சென்று ஏழைகளைப் பார்ப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தனராம். ஆனால் இருவருமே மற்றவருக்குத் தெரியாமல் அந்த வாக்கை மீறி, ஒருநாள் ஓர் உயர்ந்த மாடியின் வாசற்படியில் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டனர் என்று அவருடைய வரலாற்றில் படிக்கிறோம். 1837ஆம் ஆண்டு தந்தை இறந்ததும் அப்படித்தான். ஏழை நோயாளியைப் பார்க்கச் சென்ற இடத்தில் படியில் தவறி விழுந்து உயிர் நீத்தார். மகன் பிற்காலத்தில் செய்த அறப்பணிக்கெல்லாம் இந்த வீட்டிலேயே வித்து ஊன்றப்பட்டது.

அவரையும் வாட்டிய ஐயம்

இத்தகைய பக்தியுள்ள வீட்டில் வளர்ந்தும், பதினைந்து பதினாறு வயதில் ஓசானாமின் உள்ளத்தில் ஐயம் புகுந்தது. அக்காலத்துப் பிரான்சு நாட்டைச் சற்று நினைவில் கொள்ள வேண்டும். 1789ஆம் ஆண்டின் புரட்சிக்குப்பின் ஆலயங்கள் சூறையாடப்பட்டு, குருக்கள் கொல்லப்பட்டு, நாடு கடத்தப்பட்டிருந்தனர். அடுத்த தலைமுறையில் ஆலயங்கள் மீண்டும் திறக்கப்பட்டன என்றாலும், கற்றோர் நடுவே கிறிஸ்தவ சமயம் மடிந்துபோன பழங்கதையாகக் கருதப்பட்டது. அந்தக் காற்று பள்ளி மாணவனையும் தீண்டியது. தான் கற்ற மறைக்கல்வி உண்மைதானா என்ற கேள்வி இரவிலும் அவரைத் தூங்கவிடவில்லை. விசுவாசத்தைப் பற்றிக்கொள்ள முயன்றார். அது கையிலிருந்து நழுவுவதுபோல் உணர்ந்தார். அந்த வேதனையில், உண்மையைக் கண்டுகொள்ள இறைவன் தமக்கு ஒளி தந்தால் தம் வாழ்நாள் முழுவதையும் அவ்வுண்மைக்கே அர்ப்பணிப்பதாக நேர்ந்துகொண்டார்.

அப்போது அவருக்குத் துணைநின்றவர் அவருடைய தத்துவ ஆசிரியரான நுவாரோ என்னும் குருவானவர். நுவாரோ அவரைக் கடிந்துகொள்ளவில்லை, ஐயம் கொள்வது பாவம் என்று சொல்லி அச்சுறுத்தவுமில்லை, பெற்றோரிடம் முறையிடவுமில்லை. மாணவனை அழைத்துக்கொண்டு லியோன் நகருக்கு வெளியே உள்ள பாதைகளில் நெடுந்தூரம் நடந்தார். பேசச் செய்தார், கேட்டார். கேள்வியைக் கேள்வியாலேயே தெளிவாக்கி, மாணவன் தானே விடை காணும் வரை பொறுத்திருந்தார். அந்த நடைகளில்தான் ஓசானாமின் மனம் தெளிந்தது. அதன்பின் இறக்கும்வரை அவருடைய விசுவாசம் ஆட்டம் காணவில்லை.

இந்த நிகழ்ச்சியை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. ஓசானாம் தம் வாழ்நாளெல்லாம் ஐயமுற்றவர்களிடம் காட்டிய பொறுமை இந்தக் குருவானவரிடம் அவர் பெற்ற கடன். தமக்கு நேர்ந்ததைத் தாம் மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. ஐயம் என்பது என்ன வேதனை என்று அறிந்தவர், ஐயப்படுபவரை எள்ளி நகையாடமாட்டார் அல்லவா?

பாரீஸ் மாநகரில்

அக்காலத்தில் சேன் சிமோன் என்பவரின் சீடர்கள், கிறிஸ்தவத்தின் காலம் முடிந்துவிட்டது, இனி உலகுக்குப் புதிய மதம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பரப்பி வந்தனர். லியோனுக்கும் அவர்கள் வந்தனர். பதினெட்டு வயது நிரம்பிய ஓசானாம் 1831ஆம் ஆண்டு அவர்களுடைய கொள்கையை ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் சட்டம் படிக்கப் பாரீஸ் நகருக்குச் சென்றார்.

பெருநகரில் தனித்து விடப்பட்ட இளைஞனின் நிலை எப்படி இருக்கும் என்பதை, சென்னைக்கோ பெங்களூருக்கோ பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பெற்றோர் அறிவர். முதலில் தங்கிய விடுதியில் சமயத்தைக் கேலி செய்வோரே அவரைச் சூழ்ந்திருந்தனர். ஆனால் இறைவனின் பராமரிப்பு அவரை ஒரு நல்ல வீட்டில் சேர்த்தது. அது ஆந்திரே மரி ஆம்பியரின் வீடு. மின்சாரத்தின் ஓட்டத்தை அளக்கும் அலகுக்கு இன்று யாருடைய பெயர் வழங்குகிறதோ, அந்தப் பேரறிஞர்தாம் அவர். அவரும் ஐயத்தின் கொடுமையை அறிந்து, அதைக் கடந்து வந்தவர். ஓசானாம் மனம் சோர்ந்திருந்த ஒரு நாள் ஓர் ஆலயத்துக்குள் நுழைந்தபோது, அந்த மாபெரும் விஞ்ஞானி ஒரு மூலையில் முழந்தாளிட்டு ஏழைப் பெண்களின் நடுவே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. அறிவும் பக்தியும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு?

சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் சிலர் திருச்சபையைத் தாக்கிப் பேசுவது வழக்கமாயிருந்தது. 1832ஆம் ஆண்டு தத்துவப் பேராசிரியர் ழூப்ருவா, இறைவெளிப்பாடு என்பதே இயலாத ஒன்று என்னும் பொருள்படப் பாடம் நடத்தினார். ஓசானாமும் தோழர்களும் கூச்சலிடவில்லை, வகுப்பைப் புறக்கணிக்கவுமில்லை. தங்கள் மறுப்பை மரியாதையோடு எழுதி அவருக்குக் கொடுத்தனர். அவர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் பதினைந்து மாணவர் கையொப்பமிட்ட மறுப்பு அவர் கைக்குச் சென்றது. இம்முறை பேராசிரியர் அதை வகுப்பிலேயே எடுத்துப் பேசி, மாணவரின் சமய உணர்வை இனிப் புண்படுத்துவதில்லை என உறுதி கூறினார். சிந்திக்கத் தெரிந்த கத்தோலிக்கரும் உண்டு என்பதை அன்று பல்கலைக்கழகம் கண்டுகொண்டது.

இளைஞருக்கு ஏற்ற முறையில் விசுவாசத்தை விளக்கும் மறையுரைகள் வேண்டும் என்று, மாணவர்களின் கையொப்பங்களைத் திரட்டிக்கொண்டு பேராயர் தெ கெலன் ஆண்டகையிடம் ஓசானாம் இருமுறை சென்றார். அந்த முயற்சியின் பலனாகவே 1835ஆம் ஆண்டு தவக்காலத்தில் நோத்ர் தாம் பேராலயத்தில் அருட்தந்தை லக்கோர்தேரின் புகழ்பெற்ற உரைகள் தொடங்கின. ஆலயத்தில் கால் வைத்து ஆண்டுகள் பல ஆன ஆண்களும் இளைஞரும் அவ்வுரைகளைக் கேட்கத் திரண்டனர்.

நெஞ்சைத் தைத்த கேள்வி

இப்போது நம் வரலாற்றின் உயிர்நிலைக்கு வருகிறோம். எம்மானுவேல் பாயி என்னும் கத்தோலிக்கப் பத்திரிகையாளர் மாணவர்களுக்கெனச் சொற்பயிற்சிக் கழகம் ஒன்றை நடத்தி வந்தார். கத்தோலிக்கர் மட்டுமே கூடித் தமக்குள் தலையாட்டிக்கொள்ளும் இடமாக அது இருக்கவில்லை. நாத்திகரும், வால்தேரைப் பின்பற்றுவோரும், சேன் சிமோனின் சீடரும் அங்கே வந்து தாராளமாகப் பேசலாம். ஓசானாம் அங்கே வரலாற்றைச் சான்று காட்டி, திருச்சபை அடிமைகளுக்கு விடுதலை தந்ததையும், கல்வியை வளர்த்ததையும், காட்டுமிராண்டிகளாக இருந்த இனங்களைப் பண்படுத்தியதையும் அழகாக எடுத்துரைப்பார்.

அத்தகைய கூட்டம் ஒன்றில், எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் எழுந்தார். கிறிஸ்தவம் முற்காலத்தில் நன்மை செய்தது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் இன்று அது பட்ட மரம் அல்லவா, கத்தோலிக்கர் என்று பெருமை பேசும் நீங்கள் இன்று ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள், உங்கள் விசுவாசத்தைக் காட்டும் செயல் எங்கே என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சாமர்த்தியமான விடை சொல்லி ஓசானாம் தப்பித்திருக்கலாம். அவரிடம் சொல்வன்மை இருந்தது. வரலாற்று அறிவும் இருந்தது. கேட்டவரின் உள்நோக்கத்தைக் குறை சொல்லியும் ஒதுக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பகைவரின் வாயிலிருந்து வந்தாலும் அது இறைவனின் குரலாக இருக்கலாம் என்பதை அவர் உணர்ந்தார். முந்திய ஆண்டில்தான், 1832இல், காலராக் கொள்ளைநோய் பாரீஸ் நகரில் ஏறத்தாழ 18,000 பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. விதவைகளும் அநாதைகளும் நிறைந்த சந்துகள் பல்கலைக்கழகத்துக்கு அடுத்த தெருக்களிலேயே இருந்தன. ஓசானாமும் அவருடைய தோழர் லெ தாயாந்தியேயும் தங்கள் குளிர்காய மிச்சம் வைத்திருந்த விறகை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஏழையிடம் கொடுத்தனர். கேள்விக்கு அவர்கள் அளித்த முதல் விடை அந்த விறகுக்கட்டே.

1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த அன்று, பாயியின் பத்திரிகை அலுவலகத்தில் ஏழு பேர் கூடினர். ஆறு பேர் மாணவர், ஏழாமவர் பாயி. இதுவே பின்னர் புனித வின்சென்ட் தே பவுல் சபை எனப் பெயர் பெற்ற முதல் அன்புக் குழு. கையில் பணமில்லை, ஏழைகளின் முகவரியும் தெரியாது. மூப்தார் என்னும் வறிய பகுதியில் பணிபுரிந்த ரோசலி ரந்து என்னும் கன்னியரிடம் சென்றனர். பிற்காலத்தில், 2003ஆம் ஆண்டு, முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட அந்த அன்புச் சகோதரி, தம்மிடமிருந்த ரொட்டிச் சீட்டுகளையும் ஏழைக் குடும்பங்களின் பட்டியலையும் கொடுத்து, ஏழையின் வீட்டில் எப்படிப் பேசுவது, எப்படிப் பொறுமையாய்க் கேட்பது என்று இளைஞருக்குக் கற்றுத் தந்தார். வாரந்தோறும் வீடு தேடிச் செல்வது, நேரில் பார்ப்பது, உடன்பிறந்தாராய்ப் பழகுவது என்பதே சபையின் முறையாயிற்று. சிறு கூட்டமாக இருந்த சபை, இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பணிபுரிகின்றது.

பேராசிரியரின் மேடை

ஓசானாம் 1836ஆம் ஆண்டு சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1839ஆம் ஆண்டு, இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் பற்றிய ஆய்வுக்காக இலக்கியத்திலும் முனைவரானார். அடுத்த ஆண்டு நடந்த கடினமான போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று, சொர்போனில் அயல்நாட்டு இலக்கியம் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். 1841ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அமெலி சூலாக்ருவா என்னும் நற்குணப் பெண்ணை மணந்தார். 1845ஆம் ஆண்டு மகள் மரி பிறந்தாள். குருத்துவமா, இல்லறமா என்று நெடுநாள் தயங்கியவருக்கு இறைவன் இல்லறத்தையே அழைத்தலாகக் கொடுத்தார்.

வகுப்பில் அவர் மறையுரை ஆற்றவில்லை. பாடத்தை நேர்மையாக, அரும்பாடுபட்டு ஆராய்ந்து நடத்தினார். ஒருமுறை, அவருடைய பாட அறிவிப்பில் இலக்கியம் என்ற சொல்லை யாரோ அடித்துவிட்டு இறையியல் என்று கேலியாக எழுதிவைத்தனர். அவர் அதைக் கண்டும் காணாதவர்போல் பாடத்தை நடத்தி முடித்தார். இறுதியில் அமைதியாக, இறையியலார் என்னும் பெருமை தமக்கில்லை, ஆனால் விசுவசிக்கும் பாக்கியம் உண்டு என்னும் கருத்துப்படப் பேசினார். மாணவர் கைதட்டி ஆரவாரம் செய்தனர். மறையுரைகள் பல கேட்டும் மனம் மாறாத ஒரு மாணவர், அவருடைய விரிவுரை ஒன்றைக் கேட்டுத் தாம் கிறிஸ்தவரானதாக அவருக்கு எழுதித் தெரிவித்தார் என்றும் அவருடைய வரலாற்றில் காண்கிறோம். லெனோர்மான் என்ற பேராசிரியர் விசுவாசத்துக்குத் திரும்பியதற்காக மாணவர் சிலர் அவரைப் பேசவிடாமல் கூச்சலிட்டபோது, ஓசானாம் அவர் பக்கம் நின்று, மாணவரின் முகத்துக்கு நேரே அவர்கள் போற்றும் சுதந்திரத்தையே நினைவூட்டினார். சாந்தம் என்பது கோழைத்தனம் அன்று என்பதை இதனால் அறிகிறோம்.

இருபுறமும் வந்த ஏச்சு

அந்நாளில் கத்தோலிக்க எழுத்தாளர் நடுவே கடுமையான நடை ஒன்று பரவியிருந்தது. விசுவாசமற்றவரை ஏளனம் செய்து, அவர்கள் திகைக்கும்படி கத்தி வீசுவதுபோல் எழுதுவதே வீரம் என்று சிலர் கருதினர். ஓசானாம் அதை ஏற்கவில்லை. அத்தகைய எழுத்து ஏற்கனவே விசுவசிப்பவரின் கோபத்தைத் தூண்டுமேயன்றி, வெளியே நிற்பவர் ஒருவரையும் உள்ளே அழைத்து வராது என்று அவர் கண்டார். மனித உள்ளத்தில் கிறிஸ்துவை நோக்கி ஏங்கும் நரம்பு ஒன்று உண்டு. அதைத் தேடித் தொடுவதே நம் கடமை என்பது அவர் கருத்து. இதனால் கத்தோலிக்கரில் சிலரே அவரைக் குறை கூறினர். நாத்திகர் அவரைக் குருமார்களின் ஆள் என்றனர். தீவிரக் கத்தோலிக்கர் அவரை விட்டுக்கொடுப்பவர் என்றனர். அவர் உள்ளம் நொந்தார். ஆயினும் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. விசுவாசத்தின் ஒரு சிறு பகுதியையும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. நண்பரை மட்டும் விட்டுவிட மறுத்தார்.

1848ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரீஸ் தெருக்களில் தொழிலாளருக்கும் படையினருக்கும் போர் மூண்டது. ஓசானாமும் நண்பர் இருவரும் பேராயர் அஃப்ர் ஆண்டகையிடம் சென்று, சமாதானத் தூதராகச் செல்லும்படி வேண்டினர். பேராயர் தடையரண்களுக்கு நடுவே நடந்து சென்றபோது குண்டடிபட்டு, ஜூன் 27ஆம் நாள் உயிர் துறந்தார். இந்தத் துயரம் ஓசானாமின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

இரு நண்பர்கள்

ஆம்பியரின் மகன் ழான் ழாக் ஆம்பியர் பேர்பெற்ற இலக்கிய அறிஞர். தந்தையின் விசுவாசம் மகனிடம் நிலைக்கவில்லை. ஆனால் ஓசானாமுக்கும் அவருக்கும் இருந்த நட்பு சகோதர பாசத்துக்கு ஒப்பானது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருவரும் ஒன்றாகப் படித்தனர், பேசினர், பயணம் செய்தனர். 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் உலகப் பொருட்காட்சியைக் காணவும் சேர்ந்தே சென்றனர். அங்கும் ஓசானாம் பளிங்கு மண்டபத்தின் விந்தைகளைவிட, வின்சென்ட் தே பவுல் சபையாரோடு சேரிகளில் இருந்த ஐரிஷ் ஏழைகளைப் பார்ப்பதிலேயே நாட்டம் கொண்டார்.

ஆம்பியர் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும் சமயத்தில்தான், ஓசானாம் விசுவாசத்தைப்பற்றி நெஞ்சைத் திறந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கண்டிப்போ பயமுறுத்தலோ அதில் இல்லை. உம்மை நேசிக்கிறபடியால் என் நெஞ்சில் உள்ள மிகச் சிறந்த செல்வத்தை உமக்கு மறைக்க முடியவில்லை என்னும் பாசமே அதன் சாரம். இருபது ஆண்டு நட்பு அக்கடிதத்துக்கு உரிமை தந்திருந்தது. முன்பின் தெரியாதவர் எழுதியிருந்தால் அது தலையீடாகத் தோன்றியிருக்கும்.

அடுத்த ஆண்டு, 1852இல், ஐயத்தில் உழன்ற மற்றொரு நண்பருக்கு அவர் எழுதினார். அப்போது அவர் நோயாளி. தாம் இளமையில் பட்ட துன்பத்தை அதில் மறைக்காமல் சொன்னார். ஒரு குருவானவர் தம்மை மீட்ட கதையைச் சொன்னார். அதன்பின் செய்த நெடிய ஆராய்ச்சியும், வாழ்வில் கண்ட இன்ப துன்பங்களும் தம் விசுவாசத்தை உறுதிப்படுத்தவே செய்தன என்று எழுதினார். நண்பரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், தம்மைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக்கொண்டார்.

மரணம்

நோய் முற்றிய 1852ஆம் ஆண்டில், பேராசிரியர்கள் கடமையைச் செய்வதில்லை என்று மாணவர் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டு, படுக்கையிலிருந்து எழுந்து வந்து தமது கடைசி விரிவுரையை ஆற்றினார். பின்னர் உடல்நலம் தேடி இத்தாலிக்குச் சென்றார். அங்கும் வின்சென்ட் தே பவுல் கிளைச் சபைகளை ஊக்குவித்தார். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பீசா நகரில், நாற்பதாவது பிறந்தநாளில், மனைவியையும் சிறு மகளையும் எண்ணிக் கண்ணீர் வடித்தும், தம் உயிரை இறைவனிடம் ஒப்படைத்து ஜெபம் எழுதினார். தாய்நாட்டில் சாக விரும்பிய அவரைக் கப்பலில் மர்சேய் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தனர். இறைவனிடம் நம்பிக்கை கொள்ளும்படி குருவானவர் சொன்னபோது, இவ்வளவு நேசிக்கும் இறைவனுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்னும் பொருளில் விடை தந்தாராம். 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 8, தேவதாயின் பிறந்தநாள் திருவிழா அன்று அவர் உயிர் பிரிந்தது. பாரீசில் கார்மேல் சபையாரின் பழைய ஆலயத்தின் நிலவறையில் அவர் துயில்கிறார். 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், உலக இளைஞர் தினத்தின்போது, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை நோத்ர் தாம் பேராலயத்தில் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். செப்டம்பர் 9 அவருடைய நினைவுநாள்.

அவர் இறந்தபின் அவருடைய எழுத்துக்களையெல்லாம் திரட்டி, முன்னுரை எழுதி, 1855ஆம் ஆண்டு முதல் அச்சேற்றி வெளிவரச் செய்தவர் யார் தெரியுமா? அந்த ழான் ழாக் ஆம்பியர்தான். கிறிஸ்தவம் எவ்வாறு மனித நாகரிகத்தைக் காத்தது என்று நண்பர் எழுதிய பக்கங்களை, ஐயம் கொண்ட நண்பர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பேணி உலகுக்குக் கொடுத்தார். அந்தக் கடிதத்தினால் நட்பு முறிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. தாம் விதைத்தது முளைத்ததா என்று ஓசானாம் தம் கண்ணால் காணவில்லை. விதைப்பது மனிதரின் வேலை. விசுவாசம் இறைவனின் கொடை.

நமக்கு ஒரு சொல்

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரும் மனம் உடைந்து, எருசலேமை விட்டுத் தொலைவில் போய்க்கொண்டிருந்தனர். உயிர்த்த ஆண்டவர் அவர்களை வழிமறித்துத் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் போன திசையிலேயே உடன் நடந்தார். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று முதலில் கேட்டார். அதன்பின்னரே மறைநூலை விளக்கினார். உயிர்ப்பை நம்பாத தோமையாரையும் மற்றத் திருத்தூதர் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது அவர் அவர்களோடுதான் இருந்தார். அந்த எட்டு நாள் தோழமை இல்லையேல் அவருடைய விசுவாச அறிக்கையும் இல்லை.

அன்பான பங்கு மக்களே, ஐயம் கொண்ட மகனோ மகளோ நண்பரோ உங்கள் வீட்டில் இருந்தால், ஓசானாமை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேளுங்கள். கேள்வியில் உண்மை இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். விடை தெரியாவிடில் தேடிப் படியுங்கள். குருக்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். விசுவாசத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். குரலை உயர்த்தியும் சொல்லாதீர்கள். நம் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லும்போது, திருப்பலிக்கு வராத அந்த இளைஞரையும் அரிசி மூட்டை தூக்க உடன் அழைத்துச் செல்லுங்கள். பீடத்தருகே வரத் தயங்கும் கால்கள் ஏழையின் குடிசைக்கு வரத் தயங்குவதில்லை. அங்கே கிறிஸ்து அவருக்காகக் காத்திருக்கக்கூடும்.

இந்த விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் அத்தகைய நண்பர் ஒருவருடைய பெயரைச் சொல்லி நாள்தோறும் ஒரு ஜெபமாலை ஒப்புக்கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அவருடைய பெயரை இறைவனிடம் சொல்லுங்கள். அவருடைய வீட்டுக்குத் திருவிழாப் பலகாரத்தோடு செல்லுங்கள். மற்றதை இறைவன் பார்த்துக்கொள்வார். முத்திப்பேறு பெற்ற பிரெடரிக் ஓசானாம் நமக்காக வேண்டிக்கொள்வாராக.